ஊமத்தையைத் தேடாத பரிசோதனை

2018 ஜனவரி தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஒரு வீட்டுக்குத் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. அதில் எழுதியிருந்த பெயருக்கு உரியவர் அந்த வீட்டில் இல்லை. உள்ளே வெள்ளைத் தூள். அங்கே தங்கியிருந்த வெளிநாட்டு இளைஞர்கள் அதைக் கொக்கைன் என்று எண்ணி மூக்கில் உறிஞ்சினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்பது பேர் ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டார்கள். எல்லோருக்கும் வயது இருபதை ஒட்டித்தான். சிலரை மயக்கத்தில் ஆழ்த்திச் செயற்கை சுவாசத்தில் வைக்க வேண்டியிருந்தது.

கொக்கைனுக்கு இருக்க வேண்டிய லட்சணம் அவர்களிடம் முழுதாக இல்லை. கண்மணி விரிந்திருந்தது, இதயம் தாறுமாறாக ஓடியது. இந்த இரண்டும் கொக்கைனிலும் வரும். ஆனால் கொக்கைன் வியர்க்க வைக்கும். ஹையோசின் என்ற நஞ்சு நேர்மாறானது: தோலையும் நாக்கையும் காய வைக்கும், சிறுநீரை அடைக்கும், இல்லாத பொருளைக் காற்றில் கைநீட்டிப் பிடிக்க வைக்கும். அந்தத் தூளும் ஹையோசின்தான். ஸ்கோபோலமைன் என்பது அதன் இன்னொரு பெயர். பயணத்தில் வாந்தி வராமலிருக்க மிகச் சிறிய அளவில் தரப்படும் மருந்து அது. நமக்கு அதைவிட நெருக்கமான அறிமுகம் ஒன்று உண்டு. வேலியோரத்து ஊமத்தையின் விதையில் இருப்பதும் அதே சரக்கு. சிவன் சடையில் சூடும் மத்த மலருக்கு 'உன்மத்தம்' என்ற பெயர் சும்மா வரவில்லை.

போதை ஏறி மயங்கி வருபவருக்கு பல மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனையில் ஹையோசினுக்கு இடமே இல்லை. அந்தப் பரிசோதனை தேடுவது கஞ்சா, கொக்கைன், ஆம்ஃபெடமின், ஓப்பியம் வகை, தூக்க மாத்திரை வகை என ஐந்தாறு பெயர்களைத்தான். பட்டியலில் இல்லாத ஒன்று உடம்பு முழுக்க ஓடினாலும் தாளில் 'நெகட்டிவ்' என்றே வரும். புதிய போதைப்பொருட்களை மருத்துவமனை வழியாகக் கண்காணிப்பது பற்றிய பேச்சு எல்லாமே இந்த 'நெகட்டிவ்' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. இல்லை என்று சொல்கிறதா, தேடவில்லை என்று சொல்கிறதா? தாளைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அந்தப் பரிசோதனை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். அதற்குள் இருப்பது ஆன்டிபாடி, அதாவது ஒரு குறிப்பிட்ட மூலக்கூறின் வடிவத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் புரதம். கல்யாண வீட்டு வாசலில் நின்று சொந்தக்காரர்களை மட்டும் அடையாளம் கண்டு வரவேற்கும் பெரியவரைப் போன்றது அது. முகஜாடை ஒத்துப்போனால் அயலாரையும் உள்ளே விட்டுவிடும். முகம் மாறியிருந்தால் சொந்த அண்ணன் மகனையும் வெளியே நிறுத்திவிடும்.

முதல் தவறுக்கு நம் சமையலறையிலேயே சாட்சி இருக்கிறது. குருமாவுக்கு அரைக்கும் கசகசா, ஓப்பியம் எடுக்கும் அதே செடியின் விதை. விதையின் மேலே ஒட்டியிருக்கும் மார்ஃபின் துளி, தாராளமாகச் சாப்பிட்டவரின் சிறுநீரில் தெரியும். அமெரிக்காவில் அரசு சார்ந்த வேலைகளுக்கான பரிசோதனையில் ஓப்பியம் வகைக்கு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம் என்றிருந்த வரம்பை 1998இல் 2,000 ஆக உயர்த்தினார்கள். கசகசா தூவிய ரொட்டி தின்றவர்கள் போதை அடிமைகளாகப் பதிவானது அதற்கு முக்கியக் காரணம். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு வேலைக்குப் போகும் பிள்ளையின் பெட்டியில் மசாலாவோடு கசகசாவையும் கட்டிக் கொடுக்காதீர்கள் என்று ஊரில் எச்சரிப்பதன் வேரும் இந்தச் செடிதான். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

இரண்டாவது தவறு உயிரோடு விளையாடுவது. ஓப்பியம் வகைக்கான அந்த ஆன்டிபாடி மார்ஃபினின் முகத்தைத்தான் அறியும். ஹெராயின் உடம்பில் மார்ஃபினாக மாறுவதால் அதையும் பிடித்துவிடும். 1960ஐ ஒட்டி பெல்ஜியத்தில் பால் யான்சனின் ஆய்வகத்தில் செய்யப்பட்ட ஃபென்டனில் முற்றிலும் வேறு முகம். வேலை அதேதான்: வலியைக் குறைக்கும், மூச்சை நிறுத்தும். மார்ஃபினைப் போல ஐம்பது முதல் நூறு மடங்கு வீரியம். ஆனால் மார்ஃபினைத் தேடும் பரிசோதனைக்கு அது கண்ணிலேயே படாது.

இதன் விளைவை அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் தெளிவாகப் பார்க்க முடிந்தது. அங்கே காலேஜ் பார்க்கில் உள்ள மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையத்துக்கு ஓர் எளிய யோசனை வந்தது. மருத்துவமனைகள் எப்படியும் தினமும் சிறுநீர்ப் பரிசோதனை செய்கின்றன. முடிவுகள் கணினியில் கிடக்கின்றன. பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு அந்த முடிவுகளை மட்டும் திரட்டினால் எந்த ஊரில் எந்தப் போதை ஏறுகிறது, இறங்குகிறது என்று பார்க்கலாம். புதிதாக ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்க வேண்டாம். கிட்டத்தட்டச் செலவில்லாத கண்காணிப்பு.

யோசனை நல்லதுதான். பல மருத்துவமனைகளின் வழக்கமான பட்டியலில் ஃபென்டனில் இல்லை என்பதுதான் சிக்கல். தெருவில் ஹெராயினின் இடத்தை ஃபென்டனில் பிடிக்கப் பிடிக்க, மார்ஃபினைத் தேடும் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' குறையும். வரைபடத்தை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு ஊர் திருந்துவது போலத் தோன்றும். அதே வாரத்தில் பிணவறை நிரம்பிக்கொண்டிருக்கும். ஃபென்டனில் சோதனையைச் சேர்த்த மருத்துவமனைகளில்தான் உண்மை தெரிந்தது. மிகை அளவில் மயங்கி வந்தவர்களில், சிறுநீரில் ஃபென்டனில் இருந்தும் மார்ஃபின் வகை எதுவும் இல்லாதவர்கள் ஏராளம். பழைய பட்டியலின்படி அவர்கள் 'போதை எடுக்காதவர்கள்'.

கடைசியில் சட்டம் போட வேண்டியதாயிற்று. சிறுநீரில் போதைப்பொருள் சோதனை செய்யும் மருத்துவமனை ஃபென்டனிலையும் சேர்த்தே தேட வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2023 ஜனவரியிலிருந்தும் மேரிலாந்தில் அதே ஆண்டு அக்டோபரிலிருந்தும் கட்டாயமானது. இரண்டு சட்டங்களும் இறந்துபோன இளைஞர்களின் பெயரைத் தாங்கியவை. அவர்களை இழந்தவர்கள் சட்டமன்றப் படியேறிக் கேட்டு வாங்கியவை. மருத்துவத் துறை தானாகச் செய்திருக்க வேண்டிய ஒரு பட்டியல் திருத்தத்துக்கு நெருங்கியவரைப் பறிகொடுத்தவர்கள் அலைய வேண்டியிருந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஒரு பெயரைச் சேர்த்தால் சிக்கல் தீர்ந்துவிடுமா என்றால், இல்லை. ஃபென்டனிலுக்குப் பின்னால் நிடசீன் வகை வந்தது. 1950களில் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வலி மருந்தாகச் செய்து பார்த்து, ஆபத்து அதிகம் என்று கடைக்கே வராமல் கைவிடப்பட்டவை. அறுபது ஆண்டுகள் பழைய ஆய்வுத்தாள்களில் தூங்கிக்கொண்டிருந்த செய்முறையை யாரோ தூசி தட்டி எடுத்து, 2019 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஃபென்டனில் ஆன்டிபாடிக்கு நிடசீன் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னெச்சரிக்கை அமைப்பு 1997லிருந்து புதிய போதைப்பொருட்களைக் கணக்கெடுக்கிறது. அதன் பட்டியலில் 2023 இறுதியில் 950க்கு மேல் பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆன்டிபாடி செய்து, உரிமம் வாங்கி, மருத்துவமனைக்கு அனுப்புவதற்குள் சந்தையில் வேறு பெயர் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. 'இந்த ஆறில் ஏதாவது இருக்கிறதா' என்று கேட்காமல் 'இந்த ரத்தத்தில் என்னதான் இருக்கிறது' என்று கேட்பது.

ஆஸ்திரேலியர்கள் அதைத்தான் செய்தார்கள். பெர்த் நகரின் அவசர சிகிச்சை மருத்துவர்கள் சிலர் தொடங்கிய சிறு முயற்சி இன்று 'எட்னா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நாடு தழுவிய வலையமைப்பாக இருக்கிறது. விக்டோரியாவும் நியூ சவுத் வேல்ஸும் அதே பாணியில் தங்களுக்கென அமைப்புகளை வைத்திருக்கின்றன. நடைமுறை எளிது. கடுமையான போதையோடு ஒருவர் வருகிறார். நம் மருத்துவமனைகளில் 'வென்ஃப்ளான்' என்று சொல்லும் ஊசிக்குழாயைக் கையில் ஏற்றும்போது எப்படியும் ரத்தம் எடுப்பார்கள். அதோடு கூடுதலாக ஒரு குப்பி எடுத்து வைக்கிறார்கள். அந்தக் குப்பி மருத்துவமனை ஆய்வகத்துக்குப் போகாது. தடயவியல் தரத்தில் வேலை செய்யும் வேதியியல் கூடத்துக்குப் போகும்.

சிறுநீர் இல்லாமல் ரத்தம் ஏன் என்றால், சிறுநீர் பழைய கதையையும் சேர்த்துச் சொல்லும். மூன்று நாளைக்கு முன் இழுத்த கஞ்சாவும் அதில் தெரியும். இப்போது உயிரை வாங்கிக்கொண்டிருப்பது எது என்று தெரியாது. ரத்தம் இந்த மணி நேரத்தின் நிலவரம். செயற்கைக் கஞ்சா போன்ற சில பொருட்கள் ரத்தத்தில் சில மணி நேரமே தாக்குப்பிடிக்கும் என்பதால் குப்பியை உடனே எடுத்துவிட வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு: ஃபென்டனில், கீட்டமின், மிடசோலம் மூன்றும் தெருவிலும் கிடைக்கும், அவசர சிகிச்சைப் பிரிவின் மருந்துப் பெட்டியிலும் இருக்கும். ஆம்புலன்ஸில் வலிக்குப் போட்ட ஊசி, தெருவில் வாங்கிய போதையாகப் பதிவாகிவிடலாம். எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்ற செவிலியரின் கையெழுத்துக் குறிப்பு இல்லாவிட்டால் கோடி ரூபாய் கருவியின் முடிவுக்கும் பயனில்லை.

அந்தக் கருவி செய்வது அடிப்படையில் எடை போடுவதுதான். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுத்துப் பறக்க விடுகிறது. எவ்வளவு நேரத்தில் எல்லையைத் தொடுகின்றன என்று பார்க்கிறது. கனமானது மெதுவாக வரும், இலேசானது முந்தும். ஃபென்டனில் மூலக்கூறின் நிறை 336.220. தங்கக்கடைத் தராசெல்லாம் இதன் முன் விறகுக்கடைத் தராசு. எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வந்தவை எல்லாவற்றையும் எடை போட்டு எழுதி வைத்துக்கொள்ளும். ஆறு மாதம் கழித்துப் புதிய நஞ்சு ஒன்றின் பெயர் வெளியே வந்தால், பழைய பதிவுகளைத் திறந்து 'இது அப்போதே வந்திருந்ததா' என்று பார்க்க முடியும். குப்பியைத் திரும்பத் திறக்க வேண்டியதுகூட இல்லை.

தராசுக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. புரோட்டோநிடசீன், ஐசோடோநிடசீன் இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. ஒரு சிறிய வால்பகுதி நேராக இருக்கிறதா, கிளைத்திருக்கிறதா என்பதே வேறுபாடு. எடை துல்லியமாக ஒன்றுதான். எடை போடுவதற்கு முன் மூலக்கூறுகளைக் கடத்திப் பிரிக்கும் மெல்லிய குழாய்க்குள் எது முதலில் கடந்து வருகிறது என்ற கால வேறுபாட்டையும், ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான மாதிரியையும் கொண்டுதான் இரட்டையரைப் பிரிக்க முடியும். அந்தச் சுத்தமான மாதிரி பல சமயம் கடல் கடந்து வர வேண்டும். அதுவரை அறிக்கை காத்திருக்கும்.

இப்படித் திறந்த கேள்வி கேட்டதால் விடை கிடைத்த நிகழ்வுகளில் எனக்குப் பிடித்தது நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்தது. 2016 ஜூலை 12 அன்று ஒரே தெருவட்டாரத்தில் முப்பத்துமூன்று பேர் நின்ற இடத்தில் நின்று, வெறித்த பார்வையோடு முனகிக்கொண்டிருந்தார்கள். 'நடைப்பிணங்கள்' என்று செய்தித்தாள்கள் அலறின. பதினெட்டுப் பேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் எட்டுப் பேரின் மாதிரிகளைக் கண்டத்தின் மறுகரையில், சான் பிரான்சிஸ்கோவில் இருந்த ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். மூல மருந்து ரத்தத்தில் இல்லவே இல்லை. உடம்பு அதை அதற்குள் உடைத்துவிட்டிருந்தது. உடைந்த துண்டைக் கண்டுபிடித்து, அது எதிலிருந்து உடைந்திருக்கும் என்று பின்னோக்கிப் போய், ஏஎம்பி-ஃபுபினாகா என்ற செயற்கைக் கஞ்சாவை அடையாளம் கண்டார்கள். எலும்பைப் பார்த்து மீனின் பெயரைச் சொன்ன கதைதான்.

கருவியை மட்டுமே பெரிதாகப் பேசிவிடக் கூடாது. முதல் சந்தேகம் எப்போதும் மனிதக் கண்ணில்தான் உதிக்கிறது. 2018 வசந்தத்தில் இல்லினாய் மாநிலத்தில் சிலர் மூக்கிலும் ஈறிலும் காரணமில்லாமல் ரத்தம் வழிய வந்தார்கள். எலி பாஷாணம் தின்றவருக்கு வரும் ரத்தக் கசிவு அது என்று சந்தேகித்துத் தோண்டியபோது, செயற்கைக் கஞ்சாவில் புரோடிஃபாகம் என்ற எலி மருந்து கலந்திருந்தது தெரிந்தது. நூற்றைம்பது பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், சிலர் இறந்தார்கள். 2024 மே மாதம் சிகாகோவில் வேறு விதமான புதிர். மயங்கி வந்தவர்களுக்கு, ஓப்பியம் வகையின் விளைவை முறிக்கும் நலோக்சோன் ஊசி போட்டதும் மூச்சு சீரானது, ஆனால் விழிக்கவில்லை. இதயம் மிக மெதுவாக அடித்தது. ஃபென்டனிலோடு மெடெடோமிடின் என்ற கால்நடை மயக்க மருந்து கலந்திருந்தது. 'வழக்கமான ஊசிக்கு வழக்கமான பதில் வரவில்லை' என்று ஒரு மருத்துவர் மற்றொரு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்வது இருக்கிறதே, அதுவே கண்காணிப்பின் முதல் மணி.

கண்ணும் கருவியும் சேர்ந்தாலும் காலம் தவறினால் வீண். அமெரிக்காவில் 1970களிலேயே தொடங்கிய 'டான்' என்ற திட்டம், அவசர சிகிச்சைப் பிரிவுகளின் நோயாளிக் குறிப்புகளிலிருந்து போதை வழக்குகளைத் தொகுத்தது. நல்ல புள்ளிவிவரம்தான். ஆனால் மருத்துவர் குறிப்பில் எழுதியதையே அது நம்ப வேண்டியிருந்தது. அறிக்கை வெளிவரும்போது சந்தை வேறு பொருளுக்குப் போயிருக்கும். 2011இல் நிறுத்தினார்கள். ஃபென்டனில் நாட்டைச் சூறையாடத் தொடங்கியது அதற்கடுத்த சில ஆண்டுகளில்தான். இத்தனைக்குப் பிறகு திட்டத்தை மீண்டும் உயிர்ப்பித்தார்கள்.

வேகம் என்றால் என்ன என்பதற்கு 2025 ஜூலை 10ஐச் சொல்லலாம். பால்டிமோரின் பென் நார்த் பகுதியில் ஒரே நாளில் இருபத்தேழு பேராவது மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒருவரும் இறக்கவில்லை. நலோக்சோன் கொடுத்த பிறகும் பலர் எழவில்லை. தெருவில் கிடந்த பொட்டல மிச்சங்களை அமெரிக்க அரசின் தர அளவீட்டு ஆய்வகம் சோதித்து, ஃபென்டனிலோடு என்-மெத்தில்குளோனசெபாம் என்ற, அதுவரை அரிதாகவே கண்ணில் பட்ட தூக்க மருந்து இருப்பதைச் சில நாட்களிலேயே பொதுவில் சொன்னது. தூக்க மருந்துக்கு நலோக்சோன் பலிக்காது என்பதால் நோயாளி எழாததற்குக் காரணம் புரிந்தது. மருத்துவர்கள் ஊசியை மேலும் மேலும் ஏற்றாமல் மூச்சைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று தெரிந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மருத்துவமனைக்கு வருபவர்கள் ஊரின் பிரதிநிதிகள் அல்ல. வீட்டிலேயே இறந்தவரும், போலீஸுக்குப் பயந்து நண்பனை வீட்டிலேயே படுக்க வைத்தவர்களும் இந்தக் கணக்கில் இல்லை. ஊரில் எவ்வளவு புழங்குகிறது என்று அறிய ஆஸ்திரேலியா 2016லிருந்து கழிவுநீரைச் சோதிக்கிறது. அது அளவைச் சொல்லும், யாரை வீழ்த்தியது என்று சொல்லாது. அவசர சிகிச்சைப் பிரிவின் ரத்தக் குப்பி அளவைச் சொல்லாது, ஆனால் வீழ்த்தியது எது என்று சொல்லும்.

நினைவில்லாமல் கிடப்பவரின் ரத்தத்தை அனுமதியின்றி எடுக்கலாமா என்ற கேள்வியும் நியாயமானது. ஆஸ்திரேலிய முறையில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, தனித்தனி சம்மதம் இல்லாமலே எடுக்கிறார்கள். அதற்கு ஈடாக ஓர் உறுதி இருக்கிறது: முடிவு நோயாளிக்கு எதிரான சாட்சியம் ஆகாது. அந்த உறுதி இல்லாத இடத்தில் இந்த ஏற்பாடு ஒரு வாரம்கூட நிற்காது என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்கு அந்தக் கடைசி வரிதான் சுருக்கென்று தைக்கும். இங்கே இளைஞர்களிடம் புழங்குவதாக அடிக்கடி செய்தியில் வருவது டேபென்டடால் என்ற வலி நிவாரண மாத்திரை. பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். அதுவும் ஓப்பியம் போலவே மூச்சை அடக்கும். அதுவும் மார்ஃபினைத் தேடும் பரிசோதனையில் தெரியாது. பெர்த்துக்கும் பால்டிமோருக்கும் நேர்ந்த அதே குருட்டுத்தனம், மலிவான மாத்திரை வடிவத்தில்.

இரவு இரண்டு மணிக்கு ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நினைவில்லாத ஒருவனை இரண்டு நண்பர்கள் தூக்கி வருகிறார்கள். பணி மருத்துவர் கேட்கிறார்: "தம்பி, என்ன போட்டுக்கொண்டான்? உண்மையைச் சொன்னால்தான் காப்பாற்ற முடியும்." நண்பன் பக்கத்து மேசையைப் பார்க்கிறான். அங்கே ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேடு திறந்திருக்கிறது. நஞ்சு என்று சந்தேகம் வந்தால் அதில் எழுதி, காவல் நிலையத்துக்குத் தகவல் போகும் என்பது அவனுக்குத் தெரியும். "குடித்தான் சார், சரக்குதான்" என்கிறான்.

வயிற்றைக் கழுவிய நீர் முத்திரையிட்ட புட்டியில் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கே நல்ல கருவிகளும் தேர்ந்த ஆட்களும் இருக்கலாம். ஆனால் புட்டி வழக்கின் வரிசையில் நிற்கிறது, விடை நீதிமன்றக் கோப்புக்குப் போகிறது. சிகிச்சை கொடுத்த மருத்துவர் அதைப் பார்ப்பது அபூர்வம்; அடுத்த மாவட்டத்து மருத்துவருக்குப் போவதற்கு வழியே கிடையாது. பெர்த்தில் கூடுதலாக எடுக்கும் குப்பி அடுத்த நோயாளிக்காக. இங்கே எடுக்கும் புட்டி முடிந்துபோன வழக்குக்காக. நண்பனின் சட்டைப்பையில் பாதி கிழிந்த மாத்திரை அட்டை ஒன்று இருக்கிறது. வெளியே டீக்கடைக்குப் போகிற வழியில் சாக்கடையில் அதை வீசிவிட்டுத் திரும்பி வருகிறான்.